வெறுமையாய் வந்த படம்



இந்த வாரத் தியானத்தை என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். உங்களில் பலருக்குப் பாதி தெரிந்த செய்தி இது. மற்றப் பாதி தெரியாததினாலே சில தவறான பேச்சுகள் உலவுகின்றன. அவற்றுள் பெரிய தவறு என் வாயிலிருந்தே, அதுவும் பிரசங்க பீடத்திலிருந்தே புறப்பட்டது. என் மனைவியின் சம்மதத்தைப் பெற்றுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கள், ஆனால் என்னைப் பரிசுத்தவாட்டி ஆக்கிவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னாள்.

நான்கு ஆண்டுகளாகவே அவள் சோர்ந்துகொண்டிருந்தாள். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு மாதந்தோறும் நாங்கள் இருவரும் ஜெபக்கூட்டத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சிற்றூர்களுக்கு ஏற்றமும் இறக்கமுமாக நடக்க வேண்டும். முன்பெல்லாம் அவள் எனக்கு முன்னே நடப்பாள். நான்தான் கடுக்காய் மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். பிறகு அவள் பின்தங்கத் தொடங்கினாள். தொடையெலும்பில் வலி என்றாள். இரவில் நான்கைந்து முறை எழுந்து தண்ணீர் குடித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனாள். காரணம் சொல்லத் தெரியாமல் அழுதாள். இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தது. கல்லுக்கு நம் ஊரில் ஒரே விளக்கந்தான் உண்டு: ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். ஒரே மருந்துதான் உண்டு: வாழைத்தண்டுச் சாறு. இரண்டையும் நாங்கள் நம்பினோம். வாழைத்தண்டை மனதாரக் கொண்டுவந்து தந்த சகோதரிகளுக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன்.

வலியையும் கல்லையும் மறதியையும் நான் தனித்தனியாகவே பார்த்தேன். கண்ணீரை மட்டும் நோயாகப் பார்க்கவில்லை; அதை ஆவிக்குரிய குறையாகப் பார்த்தேன். ஓர் இரவு, வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைக் குறித்து அவளுக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. இறையியல் கல்லூரியில் மூன்றாண்டுகள் ஆலோசனைப் பணியைக் குறித்துப் படித்தவன் நான். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவை விரும்பிய எலியாவிடம் தேவதூதன் அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தட்டியெழுப்பி அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். அந்த அதிகாரத்தின்பேரில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். என் வீட்டுச் சூரைச்செடி என் கண்ணுக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் கரியாலூருக்கு அப்பால் ஒரு வீட்டின் திண்ணையிலிருந்து இறங்கும்போது கால் இடறிக் கையை ஊன்றினாள். முழங்கால் உயரந்தான். ஆனாலும் மணிக்கட்டு முறிந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தோம். மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர் மிகவும் இளையவர். எங்கள் மகனைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். கட்டுப் போட்டு முடித்தவர், கதவருகே போன எங்களைத் திரும்ப அழைத்தார். "அம்மா, உங்களுக்கு எப்போதாவது சிறுநீரகத்தில் கல் வந்திருக்கிறதா?" என்று கேட்டார். இரண்டு முறை என்றாள். "தாகம் அதிகமா?" ஆம் என்றாள். "மனம் எப்படி இருக்கிறது?" அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

நான்கு ஆண்டுகளாகச் சிதறிக் கிடந்தவற்றை அவர் ஒரே நூலில் கோத்துவிட்டார். இரத்தத்தில் கால்சியத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாக 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டியது அவளுக்கு 11.9 இருந்தது. அடுத்து பாராதைராய்டு ஹார்மோனைப் பார்க்கச் சொன்னார். 65க்குள் இருக்க வேண்டியது 286.

பாராதைராய்டு என்ற சொல்லை அன்றுதான் நான் கவனித்துக் கேட்டேன். தைராய்டு சுரப்பியை நம்மில் பலர் அறிவோம்; சபையில் காலையில் வெறும் வயிற்றில் அதற்கு மாத்திரை போடுகிறவர்கள் பலர் உண்டு. அதன் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலோருக்கு நான்கு, சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசி அல்லது உளுந்து அளவு; எடை 30, 40 மில்லிகிராம். பெயரில் உறவு இருக்கிறதேயன்றி வேலையில் தைராய்டுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து எடுத்துக்கொடுப்பதும், போதுமான அளவு வந்ததும் நிறுத்துவதும் இவற்றின் பணி. நால்வரில் ஒருவர் கட்டியாக வளர்ந்து, நிறுத்துவதை மறந்துவிட்டால் எலும்பின் சேமிப்பு இரத்தத்தில் கொட்டும். எலும்பு நொறுங்கும், சிறுநீரகத்தில் கல் சேரும், தாகம் வாட்டும், மனம் இருளும். முறுமுறுப்பு என்று நான் பெயரிட்டது இந்த இருளைத்தான்.

மனித உடலை எத்தனை நூற்றாண்டுகளாக அறுத்துப் பார்த்திருக்கிறார்கள்! ஆனாலும் இந்தச் சுரப்பிகள் வெகுகாலம் எவர் கண்ணிலும் படவில்லை. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1849இல் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர் அறுத்து ஆராய்ந்தபோது முதன்முதலில் ஒன்றைக் கண்டார். மனிதனிடத்தில் இவற்றைத் தெளிவாக விவரித்தவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவ மாணவராயிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ராம், அது 1880இல். நம் கழுத்திலே இருந்ததைச் சொல்ல நம் தேசத்துக் காண்டாமிருகம் ஒன்று சீமைக்குப் போய்ச் சாக வேண்டியிருந்தது என்று நான் சொன்னபோது, அந்த நாட்களில் அபூர்வமாகிவிட்ட ஒரு சிரிப்பு என் மனைவியின் முகத்தில் வந்தது.

இந்நோய்க்கு முழுமையான தீர்வு, கெட்டுப்போன சுரப்பியை அறுத்தெடுப்பதுதான். எந்தச் சுரப்பி, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கரு உருவாகும் காலத்தில் இவை கழுத்தின் மேற்பகுதியில் தோன்றிக் கீழிறங்குகின்றன. கீழ்ச் சுரப்பிகள் இரண்டும் தைமஸ் என்னும் மற்றொரு உறுப்போடு கைகோத்துக்கொண்டு இறங்கும். வழியில் தைராய்டின் அருகே அவை நின்றுகொள்ள, தைமஸ் மார்புக்குப் போய்விடும். சிலருக்கு இந்தச் சுரப்பி கையை விடாமல் கூடவே மார்புக்குள் போய்விடுகிறது.

அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்ல்ஸ் மார்ட்டெல் என்பவருக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆறடிக்கு மேல் உயரமாயிருந்த மனிதர், எலும்புகள் குறுகிக் குறுகி ஏழு அங்குலம் குள்ளமானார். 1926இல் தொடங்கி அவருடைய கழுத்தை ஆறு முறை அறுத்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1932இல் ஏழாவது முறை மார்பைத் திறந்தபோதுதான் அங்கே கட்டி இருந்தது. ஏழாவது முறை என்றதும் யோர்தானில் மூழ்கிய நாகமானை நினைத்துக்கொள்வது என் போன்றோரின் தொழிற்பழக்கம். ஆனால் மார்ட்டெல் சில வாரங்களில் இறந்துபோனார். கெட்டுப்போயிருந்த சிறுநீரகம் அவரைக் கைவிட்டது. எல்லா ஏழும் பிரசங்கத்துக்கு உதவுவதில்லை.

அவருடைய காலத்தில் அறுத்துத்தான் தேட வேண்டும். இன்றைக்கு அறுப்பதற்கு முன்பே தேட ஒரு வழி உண்டு. டெக்னீசியம் என்னும் தனிமத்தைச் செஸ்டாமிபி என்ற மருந்தோடு இணைத்து நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். டெக்னீசியம் 1937இல் இத்தாலியின் பலேர்மோ நகரில் கண்டறியப்பட்டது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் என்பதாலேயே கிரேக்க மொழியில் அப்பெயர். மருத்துவமனையில் அதைச் சேமித்து வைக்க முடியாது, ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே அதன் தாயாகிய மாலிப்டினத்தை ஒரு கலத்தில் வைத்துக்கொண்டு, காலைதோறும் அதிலிருந்து டெக்னீசியத்தை வடித்தெடுக்கிறார்கள். அந்தக் கலத்தை அத்துறையினர் பசு என்றும், வடிப்பதைக் கறப்பது என்றும் சொல்வார்களாம். விடியற்காலையில் மாடு கறக்கிற ஊரில் பிறந்த எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

செஸ்டாமிபி முதலில் இதயத் தசையைப் படமெடுக்கச் செய்யப்பட்ட மருந்து. பாராதைராய்டையும் அது காட்டும் என்று 1989இல் இங்கிலாந்தில் கோக்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். அதிகமாக உழைக்கும் உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் இம்மருந்து போய்த் தங்குகிறது. ஊசி போட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு படம் எடுப்பார்கள். அதில் தைராய்டும் கட்டியும் சேர்ந்தே ஒளிரும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். அதற்குள் தைராய்டு தான் வாங்கியதைக் கழுவிவிட்டிருக்கும். கட்டி பெரும்பாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் படத்தில் அணையாமல் நிற்கிற புள்ளியைத் தேடுவதுதான் முறை.

"அணு ஊசி" என்ற செய்தி சபையில் பரவியபோது உங்களில் ஒருவர், "ஐயா, கல்பாக்கத்தில் இருக்கிறதே, அந்த அணுவா?" என்று கேட்டதை நினைவுகூருகிறேன். அந்தப் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆறு மணி நேரத்தில் பாதி, பன்னிரண்டில் கால், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு என்று குறைந்துபோகும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரிலும் வெளியேறும். அன்றைக்குக் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்கார வேண்டாம் என்றார்கள். அவ்வளவே.

ஒரு நகரத்து மருத்துவமனையில் அந்தப் படத்தை எடுத்தோம். முடிவு வெறுமையாய் வந்தது. கழுத்தில் சந்தேகப்படும்படியான புள்ளி எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை சொன்னது.

அது அறுப்பின் பண்டிகைக்கு முந்திய வாரம். சபையில் ஒரு மூப்பர் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, கண்களில் நீரோடு, "ஐயா, படத்தில் ஒன்றுமே இல்லையே! ஆண்டவர் எடுத்துப்போட்டார்!" என்றார். அவருடைய அன்பைச் சந்தேகிக்கவே முடியாது. என் மனைவிக்காக அவர் வாரந்தோறும் உபவாசமிருந்தவர். நானோ சந்தேகித்திருக்க வேண்டியவன். இரத்தப் பரிசோதனை மாறியதா என்று கேட்டிருக்க வேண்டியவன். ஆனால் நான்கு ஆண்டுகளாகக் களைத்திருந்தது அவள் மட்டுமல்ல. அந்தச் சொல்லைக் கேட்டபோது என் முழு உடலும் அதை விரும்பிற்று. பண்டிகையன்று, பூசணிக்காயும் நெற்கதிரும் கரும்பும் பீடத்தைச் சுற்றிக் குவிந்திருந்த நேரத்தில், "நம் அம்மாவை ஆண்டவர் சுகப்படுத்தினார்" என்று அறிவித்தேன். நீங்கள் எழுந்துநின்று கைதட்டினீர்கள். பெண்கள் சங்கத்தார் பாட்டுப் பாடினார்கள். அவள் மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தாழ்மையினால் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு வாரங்கள் அவள் வலிக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? சபை முழுவதும் கேட்க அவளுடைய புருஷனே வலி இல்லை என்று அறிவித்துவிட்டானே. வலிக்கிறது என்றால் ஆண்டவரின் செயலை மறுத்தவளாவாள், அல்லது என்னைப் பொய்யனாக்கியவளாவாள். இரண்டுக்கும் மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டாள். மாத்திரையும் மறுபரிசோதனையும் நின்றுபோயின. கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் ஓயாமல் வாந்தியெடுத்தாள். காலையில் என்னைப் பார்த்து, பத்து வருடங்களுக்கு முன் இறந்துபோன தன் தகப்பனாரின் பெயரைச் சொல்லி அழைத்தாள். கள்ளக்குறிச்சியில் சேர்த்தபோது கால்சியம் 14ஐத் தாண்டியிருந்தது. சலைன் ஏற்றி ஏற்றி மூன்று நாட்களில் இறக்கினார்கள்.

அந்த இளம் மருத்துவர் படுக்கையருகே வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். "ஐயா, நோய் உண்டா இல்லையா என்று கேட்பதற்கு அந்தப் படம் எடுக்கவில்லை. உண்டு என்று இரத்தம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. எங்கே என்று தேடத்தான் படம். சிறிய கட்டியாயிருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பி கெட்டிருந்தால், இடம் மாறியிருந்தால், அகப்படாமல் போகலாம். அகப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல" என்றார். அவர் போனபின் என் மனைவி மெதுவாக, "என்னங்க, எனக்கு வலிக்கவே இல்லை என்று இத்தனை நாள் நடித்தேன். அது பாவமா?" என்று கேட்டாள். எனக்கு முப்பது வருட ஊழியத்தில் இதைவிடக் கடினமான கேள்வியை எவரும் கேட்டதில்லை.

அன்றிரவு லேவியராகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். பிரசங்கத்துக்கு எவரும் விரும்பி எடுக்காத பகுதி அது. தோலில் தடிப்பு உள்ளவனை ஆசாரியன் பார்க்க வேண்டும். தெளிவில்லாவிட்டால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போதும் தெளிவில்லாவிட்டால் இன்னும் ஏழு நாள். ஆசாரியனுடைய வேலை அங்கே உணர்ச்சி வசப்படுவதல்ல. வெறுமனே பார்ப்பதும், காத்திருப்பதும், திரும்பப் பார்ப்பதும். இயேசு குஷ்டரோகியைச் சுத்தமாக்கினபோதுகூட நேரே ஊருக்குப் போய்ச் சாட்சி சொல் என்று அனுப்பவில்லை. ஒருவருக்கும் சொல்லாதே, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்றார். அவர் செய்த அற்புதத்தை அவரே பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு வெறுமையான படத்தை நம்பி நான் மேளம் கொட்டினேன்.

மார்கழியில் வேலூருக்குப் புறப்பட்டோம். சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு, திருவண்ணாமலை, போளூர் என்று பேருந்து போயிற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய பணி இன்று எத்தனை மாடிகளாய், எத்தனை மொழிகள் பேசும் கூட்டமாய் வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தத் தாழ்வாரங்களில் வங்காளம் பேசுகிற குடும்பங்களின் நடுவே நாங்கள் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இம்முறை கழுத்திலிருந்து மார்பு வரை படமெடுத்தார்கள். காமா கேமரா சுற்றிவந்து எடுக்கும் முப்பரிமாணப் படத்தை சி.டி. ஸ்கேனோடு பொருத்திப் பார்த்தார்கள். சுமார் 20 மில்லிகியூரி ஊசி. தோள்களின் கீழே தலையணை வைத்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, அசையாமல் படுக்க வேண்டும். எலும்பு வலிக்கிறவளுக்கு அந்த அசையாமைதான் தண்டனை. நடுவில் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்து தேநீர் குடித்தாள். "இப்போது நான் ஒளிர்கிறேனா?" என்று கேட்டாள். பதினாறில் ஒரு பங்குக் கணக்கை நான் மறுபடியும் சொல்லத் தொடங்க, "போதும், பிரசங்கம் வேண்டாம்" என்றாள்.

மாலையில் மருத்துவர் திரையில் காட்டினார். முதல் படத்தில் தைராய்டு வண்ணத்துப்பூச்சியைப் போலச் சிறகு விரித்து ஒளிர்ந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் மேலே, இதயம் கீழே, எல்லாம் ஒளிர்ந்தன. எத்தனை வெளிச்சம், ஒன்றையும் கண்டுகொள்ள முடியாத வெளிச்சம்! இரண்டாம் படத்தில் வண்ணத்துப்பூச்சி ஏறக்குறைய அணைந்திருந்தது. மார்பெலும்பின் மேல்முனைக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, ஒரே ஒரு புள்ளி நின்றது. "தைமஸோடு இறங்கிப்போன கீழ்ச் சுரப்பியாக இருக்க வேண்டும்" என்றார். கப்பல் தலைவர் மார்ட்டெலுக்கு இருந்ததுபோலவே மார்புக்குள். அவருக்கு ஏழு அறுவைகள் தேவைப்பட்டன. இவளுக்கு ஒரு பகல் பொழுது.

பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த ஸ்திரீ விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடினாள் என்பதை நாம் அறிவோம். அவள் காசு தொலையவே இல்லை என்று அறிவித்துவிட்டு அயலாரை விருந்துக்கு அழைக்கவில்லை. இதை என் நாட்குறிப்பில் அன்று எழுதிவைத்தேன்.

அறுவை சிகிச்சைக்கு மார்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் சிறிய கீறலிட்டு, தைமஸின் எச்சத்தை மேலே இழுத்து, அதற்குள் ஒளிந்திருந்ததை எடுத்தார்கள். பாராதைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும். ஆகவே கட்டியை எடுத்த பத்தாம் நிமிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் சரியானதை எடுத்தோம் என்று அறிந்து தையல் போடுவார்கள். அவளுக்கு 340இலிருந்து 41க்கு இறங்கிற்று. எடுத்ததைப் புட்டியில் எனக்குக் காட்டினார்கள்: பழுப்பு நிறம், சுண்டைக்காய் அளவு, 1.4 கிராம். சாதாரணச் சுரப்பியைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு. எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் ஆட்சி செய்தது அந்தச் சுண்டைக்காய்தான்.

மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றாள். நான் பதறினேன். மருத்துவர் அவளுடைய கன்னத்தில் விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார், உதட்டோரம் சுண்டிற்று. பசித்துக் கிடந்த எலும்புகள் இரத்தத்திலுள்ள கால்சியத்தை வாரிக்கொள்கின்றனவாம். சில வாரங்கள் கால்சியம் மாத்திரைகளை வேளைதவறாமல் கொடுத்தோம். எலும்பும் கொள்ளையிட்டவனிடமிருந்து தன்னுடையதைத் திரும்பக் கேட்கிறதே என்று எனக்கு ஆறுதலாயிருந்தது.

தைப் பிறப்பை ஒட்டிய ஞாயிறன்று பீடத்தில் நின்று, அறுப்பின் பண்டிகையன்று நான் அறிவித்தது தவறு என்று உங்கள் முன் சொன்னேன். அன்று வராதவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அன்றைக்கு உபவாசமிருந்த மூப்பர் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "அப்படியானால் நம் ஜெபம் கேட்கப்படவில்லையா, ஐயா?" என்று கேட்டார். மாவுக்கட்டுப் போட்டுவிட்டுக் கதவருகே எங்களைத் திரும்ப அழைத்த அந்தப் பிள்ளையைக் குறித்து அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. வாரந்தோறும் உபவாசத்தை மட்டும் விடவில்லை.

என் மனைவி கேட்ட கேள்விக்கு, நடித்தது பாவமா என்பதற்கு, பாவம் அவளுடையதல்ல என்று சொன்னேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளச் சில நாட்களாயின. இன்னும் சில இரவுகளில் வலித்தால் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். அது மாறக் காத்திருக்கிறேன்.

பங்குனியில் அவள் மறுபடியும் வெள்ளிமலைக்கு வந்தாள். புளி உலுக்குகிற காலம். வாசல்தோறும் பாயில் புளி காய்ந்துகொண்டிருந்தது. நடந்தாள், எனக்கு முன்னே அல்ல, என்னோடு. அங்கே ஒரு வீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரி கோலூன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு முறை கல் வந்ததாம், தொடையெலும்பு வலிக்கிறதாம், மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்களாம். நான் ஜெபிக்க வாய் திறக்குமுன்பே என் மனைவி, "ராத்திரியில் தாகம் எடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டாள்.

சிறுவங்கூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததிலிருந்து மலைவாழ் மக்களுக்குச் சற்று அருகிலேயே பெரிய மருத்துவமனை கிடைத்திருக்கிறது. சற்று என்றுதான் சொல்ல முடியும்: இறங்கிவர ஒரு பேருந்து, ஒரு நாள் கூலி, துணைக்கு ஒரு ஆள். சென்ற திங்களன்று அந்தச் சகோதரியை அழைத்துவந்து கால்சியம் பார்த்தோம். புதன்கிழமை முடிவு வந்தது: 9.3. அவருக்கு இருப்பது இந்த நோயல்ல. என் மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "நல்ல செய்திதானே?" என்றேன். "இது இல்லை என்பதுதான் செய்தி. வலி இன்னும் இருக்கிறதே" என்றாள்.

வைட்டமின் டி அளவையும் எலும்பின் எக்ஸ்ரேயையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை அவர்கள் மறுபடியும் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். அன்று காலை பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு அம்மா வரமாட்டார்கள். பேருந்து நிலையத்தில் காத்திருப்பார்கள்.